ஆறின புண்ணுக்குத்தான் காசு

முன்பெல்லாம் ஒரு கட்டுக்கு முந்நூறு ரூபா.
பஞ்சு, சேலைன், மஞ்சள் மருந்து, வெள்ளைத் துணி.
செபமாலையின் இடது குதிகாலை
நாற்பத்தொரு தரம் அவிழ்த்து
நாற்பத்தொரு தரம் கட்டினோம்.
நாற்பத்தொரு துண்டுக்கும் சங்கம் காசு தந்தது.
புண் தன்பாட்டில் இருந்தது,
வாடகை தவறாத குடித்தனம்போல.

தை மாதம் திருக்கடலூர் மீனவர் சங்கம் கூடிச்
சட்டத்தை மாற்றியது:
இனிக் கட்டுக்குக் காசில்லை,
ஆறின புண்ணுக்குத்தான்.
வெட்டாமல் காப்பாற்றிய காலுக்கு
வருடக் கடைசியில் இன்னொரு தொகை.
செலவில் மிச்சம் பிடித்தால் பாதி கிளினிக்குக்கு.

அன்று பின்னேரம் டொக்டர் நிஸ்தார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
முதல் தடவையாகக் கேட்டார்:
"தோணிக்குள்ள வெறுங்காலோடயா நிக்கிறீங்க?"
"சப்பாத்துப் போட்டே வலை இழுக்கிறது?"
செபமாலை சிரித்தார்.

மார்க்கெட்டில் ரப்பர் செருப்பு வாங்கினேன்.
மருந்துக் கணக்கில் அதற்கு இடமில்லை,
'இதர' என்று எழுதினேன்.
இரவில் வீடு வீடாகப் போன் எடுத்தேன்:
சீனி பார்த்தீங்களா,
விரல் இடுக்கைத் துடைச்சீங்களா.
வைகாசிக்குள் பத்தொன்பது புண் ஆறியது.
என் சம்பளத்தில் நாலாயிரம் கூடியது.
சந்தோசம்தான். பொய் சொல்லேலாது.

பேந்து ஒரு செவ்வாய்க்கிழமை
சல்லியிலிருந்து பூரணேஸ்வரி வந்தாள்,
ஐஸ் தண்ணிக்குள் நின்று இறால் உரிக்கிறவள்.
மூன்று விரல் கறுத்திருந்தது.
சீனி நானூற்றிப் பத்து.

டொக்டர் காலைப் பார்த்தார்.
சுவரில் ஒட்டியிருந்த புள்ளி அட்டையைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்க்காமல்
பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்.
சரியான கடிதம்தான்.
எந்த டொக்டரும் அதைத்தான் எழுதியிருப்பார்.
ஆனால்
போன வருடம் இதே மேசையில்
இதைவிடக் கறுத்த விரலோடு வந்தவனை
ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம்.
அங்கே வெட்டினால்
அது எங்கள் கணக்கில் வராது.

கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு
நொண்டி நொண்டி இறங்கினாள்.
வாசலில் படுத்திருந்த மான்
எழும்பி வழி விட்டது.

பதிவுப் புத்தகத்தில் இரண்டே நிரல்கள்:
ஆறினது. ஆறாதது.
எல்லாரும் போனபிறகு
அடிமட்டம் வைத்து
மூன்றாவதாக ஒன்று கீறினேன்.
அவள் பேரை எழுதினேன்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.