சனிக்கிழமைப் பக்கம்

நாற்பத்திரண்டில் எனக்கு
ஏணியும் குறடும் சர்க்கார் தந்தது.
அவனுக்கும் குறடு இருந்தது. யார் தந்தார்களோ.

இரவில் அவன் அறுப்பான்,
விடிந்ததும் நான் முடிச்சிடுவேன்.
மஸ்ஜித் பந்தர், டோங்ரி, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு.
முகம் பாராத இரண்டு பேர்
ஒரே தந்திக் கம்பியில் குடித்தனம் நடத்தினோம்.

அறுத்த வாயைப் பார்த்தால் ஆளைச் சொல்லலாம்.
சிலர் கொத்துவார்கள், கோபம் தெரியும்.
இவன் ஒரே அமுக்கு.
நகம் வெட்டுகிற மாதிரி.

துரை கேட்டார்: துப்பு ஏதாவது?
பழுதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
ஞாயிறு காலை எட்டு இடம். திங்கள் ஐந்து.
புதன்கிழமை பேய்மழை, அப்படியும் மூன்று.
சனிக்கிழமைப் பக்கங்கள் மட்டும்
கழுவிக் கவிழ்த்த தட்டு.

மாண்ட்வியில், வெள்ளி அந்தியில்
விளக்கேற்றிவிட்டு
மறுநாள் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை
அடுப்பைத் தொடாத வீடுகள் எவை என்று
கம்பம் ஏறுகிறவனுக்குத் தெரியாதா?

"ஒன்றும் இல்லை சார்."
அன்று முழுக்க நாக்கில் செம்பு ருசித்தது.

அப்படியும் பிடித்தார்கள்.
வேறெவனோ அடி தாங்காமல் உளறிய பெயர்:
ஹனோக் அஷ்டம்கர், பத்தொன்பது வயது,
எண்ணெய்க் கிடங்கில் கணக்கெழுதுபவன்.
எரவாடாவில் பதினெட்டு மாதம்.
எனக்கு வேலை குறைந்தது.
சொல்லக் கூடாதுதான்,
கம்பம் ஏறவே அலுப்பாக இருந்தது.

நாற்பத்தெட்டில் தந்தி ஆபீஸ் வாசலில்
காக்கி உடுப்பில் ஒருத்தன்,
தோளில் சிக்னல்ஸ் பட்டை.
பம்பாய் இந்தியில் கேட்டான்:
"மதராசி லைன்மேன் நீங்கள்தானே?
உங்கள் முடிச்சு எனக்கு மனப்பாடம்.
எத்தனை தடவை அறுத்திருப்பேன்!
பரீட்சையில் கம்பி ஒட்டச் சொன்னார்கள்.
அதையே போட்டேன். தேறிவிட்டேன்."

என்ன சொல்ல? டீ வாங்கிக் கொடுத்தேன்.
அவன் பையிலிருந்து
தேங்காய்ப்பூ தூவிய இனிப்பு அவல் எடுத்தான்.
பிள்ளை போர்முனைக்குப் போகிறான் என்று
எலியா தீர்க்கதரிசிக்கு அம்மா படைத்ததாம்.
குசேலன் மூட்டை போல
ஒரு பிடியில் தீர்ந்துபோயிற்று.

"காஷ்மீரிலும் சனிக்கிழமை வருமே?"
கேட்டிருக்கக் கூடாது.
தெருவுக்கு மேலே ஓடும் கம்பியையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
தேநீர் ஆடை கட்டிவிட்டது.

மார்கழியில் ஓர் அட்டை. பென்சில் எழுத்து.

*பனி. இடக்கையில் இரண்டு விரல் போயிற்று,
வலக்கை சுகம்.
நேற்று சனி. எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன்
கம்பியை அறுத்துவிட்டுப் போயிருந்தான்.
ஒரே அமுக்கு. அவ்வளவு சுத்தமான வாய்.
உங்கள் முடிச்சைப் போட்டேன்.
இன்றிரவு பாறைக்குப் பின்னால் காத்திருந்து
அவனைச் சுட வேண்டுமாம்.*

பேனாவைத் தொட்டுத் தொட்டு
மசி காய்ந்ததுதான் மிச்சம்.
கடைசியில் ஒரு வரி எழுதினேன்:
அவனுக்கும் ஏதாவது ஒரு கிழமை இருக்கும், பார்.

தணிக்கைக்காரன் அடித்தானோ,
போய்ச் சேர்ந்ததோ.