நாற்பத்தேழாம் மூட்டை

கப்பலூரில் கப்பல் இல்லை.
சிட்கோ ஷெட்டில் ஒரு தராசு, நான்,
புதன்கிழமை லாரியில் வந்து இறங்கும்
காய்ந்த கடல்.

ஈரம் எத்தனை, மணல் எத்தனை என்று
மூக்கு முதலில் சொல்லிவிடும்.
முள் அப்புறம்தான் அசையும்.

இந்தப் பாசிக்குப் பெயர் மரிக்கொழுந்து.
மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கேட்டால்
வேறொன்றை வாழைநாரில் கட்டித் தருவார்கள்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இதைச் சொல்லிச் சிரித்தேன்.
கணக்குப் பார்க்க லாரியிலேயே வந்திருந்த நம்புத்தாய்
சிரிக்கவில்லை.
"ரெண்டையும் கிள்ளணும்ல. பிடுங்கவா செய்வீக?"

விரல் நுனிகளில் துணி சுற்றிய தழும்பு.
நாற்பத்தேழாம் மூட்டைக்குள் கையை விட்டாள்,
பஸ்ஸில் சில்லறை தேடுகிறவள் மாதிரி.
எடுத்தபோது
நிலக்கடலையளவு பவளக்கல்.
அதை விடாமல் பற்றியிருந்தது
பாசியின் தூர்.

"சுரண்டி வச்சு எடுத்துருக்கு."

மூட்டையின் முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள்.
யார் போட்ட முடிச்சென்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
எனக்குச் சொல்லவில்லை.

"அமாவாசைக்கு ஆறு நா, பௌர்ணமிக்கு ஆறு நா.
மிச்ச நாளு கடலுக்கு.
மீனு சினை வைக்கிற மாசம் இறங்குறதே இல்ல.
அப்பக் கடன் வாங்கித்தான் உலை வைப்போம்,
அதையும் உங்க நோட்டுல எழுதிக்கங்க."

யார் போட்ட சட்டம் என்று கேட்டேன்.
சர்க்காரா, ஊர்க்கூட்டமா?

"வெறுங்கல்லு போட்டது.
ஒரு வருசம் ஆசைப்பட்டுத் தூரோட அள்ளுனோம்.
நல்ல எடை. ஆளுக்கொரு பீரோ வாங்குனோம்.
அப்புறம் மூணு வருசம்
குனிஞ்சு குனிஞ்சு பார்த்தோம்.
மொட்டைக் கல்லு."

தராசுத் தட்டில் அந்தக் கல்லை வைத்தாள்.
முள் அசையவில்லை.

"தண்ணிக்குள்ள ஒவ்வொருத்தி கையையும்
நான் பிடிச்சிட்டு இருக்க முடியாது.
கல்லு கிடந்தா வாங்காதீங்க.
அங்க தன்னால நின்னுரும்."

முதலாளியிடம் சொன்னேன்.
கிலோவுக்கு ஐம்பது கிராம் கழித்துக்கொள், என்றார்.
கழித்தால் கல் காசாகிவிடும்.
ஐம்பது கிராம் குறைகிறதே என்று
இன்னொரு கல்லைச் சுரண்டுவாள்
அந்த முடிச்சுக்காரி.
அவள் வீட்டு உலையும்
எனக்குத் தெரியாததல்ல;
என் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கிறது,
தவணையில்.

சாயங்காலம் விளக்குத்தூண்.
கண்ணாடி டம்ளரில் ஜிகர்தண்டா,
பாலாடைக்கும் நன்னாரிக்கும் அடியில்
வழுக்கி வழுக்கி நிற்கிறது கடற்பாசி.
பக்கத்தில் ஒரு பையன்
இது எதில் செய்வது என்று அப்பாவைக் கேட்கிறான்.
"ஜெல்லிடா" என்கிறார் அவர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
வாய்க்குள்
நாக்கு கல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

நாற்பத்தேழாம் மூட்டை
இன்னும் தராசு ஏறவில்லை.
கதவோரமாகத் தள்ளி வைத்திருக்கிறேன்,
வந்த முகவரி மேலே தெரிகிற மாதிரி.
பேரேட்டில் நாற்பத்தாறுக்கு அடுத்து
ஒரு வரி வெறுமை.

காலையில் முதலாளி கேட்பார்.