அடிச்சதுரம்

பிந்தாங்கோர் என்கிறார் ஜம்ரி.
புன்னைக்குப் பங்காளி என்கிறேன் நான்.
இருபத்திரண்டு அடி. எந்தப் பெயருக்கும் திரும்பாமல்
மூன்று மரக்குதிரைகள்மேல் படுத்திருக்கிறது.

தெலுக் கும்பாரில் சனிக்கிழமை.
தகரக் கூரை சுடத் தொடங்குமுன்
இழைப்புளியைத் தீட்டிவிட வேண்டும்.
மற்ற நாட்களில் பாயான் லெப்பாஸில்
முகமூடிக்குள் மூச்சுவிட்டு
மைக்ரான் பார்க்கிற கண் எனக்கு.
இங்கே வந்தாலும் அதைக் கழற்றி வைக்க முடிவதில்லை.

சதுரமாய் வந்ததை எட்டுப் பட்டையாக்கினேன்.
ஏழு, பத்து, ஏழு:
கோடு கீறும் கட்டைக்கு இந்தக் கணக்குப் போதும்.
பிறகு பதினாறு. பிறகு எண்ண முடியாதது.
அடியில் ஒரு முழம் மட்டும் சதுரமாகவே,
படகின் குழியில் உட்கார.
அதற்குமேல் கொஞ்சம் எட்டு. அப்புறம் வட்டம்.

பாதி வேலையில்தான் உறைத்தது.
ஆவுடைக்குள் இறங்கி நிற்கும் லிங்கத்துக்கும்
இதே வரிசை.
கீழே நான்முகன், நடுவே மால், மேலே அவன்.
ஜம்ரியிடம் சொல்லவில்லை.
பந்தயம் அடுத்த வாரம். மனிதருக்கு ஏற்கெனவே
பாய்த்துணி பற்றி ஆயிரம் கவலை.

பதினாறில் இருக்கையில் சுருள் அறுந்தது.
ஒரு கணு, சுண்டைக்காய் அளவு.
அதிலிருந்து சாய்வாக ஒரு மயிரிழை,
என் சுட்டுவிரல் நீளம்.

மரத்தூளும் மெழுகும் பிசைந்து அழுத்தி
வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால்
பிறகு நானே தேட வேண்டியிருக்கும்.
பிசைந்தும் விட்டேன்.
உருண்டையைக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு
தேநீர் ஆறும்வரை நின்றேன்.

கடைசியில் பென்சிலை எடுத்து
விரிசலைச் சுற்றி வளையம் போட்டேன்,
விபத்து நடந்த இடத்தில் போலீஸ் போடுகிற மாதிரி.

ஜம்ரி வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
நகத்தால் கீறினார். தேவையே இல்லாமல் முகர்ந்தும் பார்த்தார்.
"கோமளா, இதைக் கைது பண்ணியது யார்?"
ஏசவில்லை. அடிச்சதுரத்தைப் பிடித்துக்
கால் சுற்றுத் திருப்பினார். இன்னொரு கால்.
"இந்த முகம் அணியம் பார்க்கட்டும்.
காற்று முதுகில் ஏறினால் மரம் முன்னே குனியும்.
குனிகிற பக்கம் விரிசல் வாயை மூடிக்கொள்ளும்."

அந்த முகத்தில் உளியால் 'முன்' என்று வெட்டினேன்.
குழிக்குள் இறங்கிவிட்டால் யாரும் படிக்கப்போவதில்லை.
என்ன எழுத்து என்றார். டெப்பான் என்றேன்.
அவ்வளவுதானா என்றார்.

இரவு சோறு பிசையும்போதுதான் கண்டேன்,
நகக்கண்ணில் இன்னும்
அந்த மெழுகு.