உருகி

தாவெத்தி கூஸ்நியெமி செய்த சாமானுக்கு
ஒரே ஒரு வேலை:
சரியான நேரத்தில் சாவது.

பஞ்சாலைக்குள் மின்விளக்கு வந்த முதல் குளிர்காலம்.
ஏரி இறுகிக் கிடந்த ஜனவரி.
நூற்புக் கூடத்தில் கம்பி சிவந்தது.
பஞ்சுத் தூசிக்கு அவ்வளவு போதும்.
பதினொரு பெண்கள்.
கதவுச் சாவி மேஸ்திரியின் பையில்,
மேஸ்திரி சாராயக் கடையில்.

அடையாளம் காட்டப் போனவர்களில் அவனும் ஒருவன்,
கொதிகலனுக்கு பிர்ச் விறகு தள்ளுகிற
பத்தொன்பது வயசுக்காரன்.
யாரை அடையாளம் காட்டினான் என்று
பதிவேட்டில் இல்லை.

பிறகு எட்டு வருஷம்
நீராவிக் குளியலறையின் முன்கூடத்தில்
ஈயமும் வெள்ளீயமும் காய்ச்சினான்.
மயிரிழையாய் இழுத்து
ஒவ்வொன்றையும் கொன்று பார்த்தான்.
அதிகம் தாங்கியதை ஏரியில் எறிந்தான்.
"நல்ல கம்பி எல்லாரும் செய்கிறார்கள்.
எனக்கு வேண்டியது பலவீனம்.
அளந்த பலவீனம்."
நோட்டில் இந்தப் பக்கத்தில் மட்டும்
எண்கள் இல்லை.

முதலாளி பிரும்மெருஸ் சிரித்தார்:
ஓடுகிற தறியை நிறுத்துகிற சாமானுக்கு
எவன் காசு கொடுப்பான்?

துர்க்குவிலிருந்து வந்த காப்பீட்டுக்காரன் கொடுத்தான்.
ஒரு பசு, ஒரு படகு வாங்குகிற அளவுக்கு.
அவன் படகு மட்டும் வாங்கினான்.
சாகிறவரை வீட்டுக்குள் மின்சாரம் விடவில்லை.
மண்ணெண்ணெய் விளக்கு, ஜன்னலோரம்.
ஊர் அதைக் கஞ்சத்தனம் என்றது.

மெழுகுவர்த்தியும்தான் உருகுகிறது.
வெளிச்சம் கொடுத்து, பாட்டில் இடம்பிடித்து,
கல்யாண மேஜையில் நிற்கிறது.
இது உருகினால் இருட்டு.
வசவு.
நேற்றிரவு, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி,
நாலாவது மாடி கெர்த்து ஹல்மே
அடுப்பையும் ஹீட்டரையும் கெட்டிலையும்
ஒன்றாகப் போட்டுவிட்டு
என்னைத்தான் திட்டினாள், அரைமணி நேரம்,
இரண்டு குழந்தைகளும் உள்ளே
உயிரோடு அழுதுகொண்டிருக்க.

பெட்டியைத் திறந்தேன்.
பீங்கான் குப்பிக்குள் ஒரு கரும்புள்ளி.
புதுசு திருகினேன். குளிர்பெட்டி முனகியது.
அவள் நன்றி சொல்லவில்லை;
நானும் அவன் பெயரைச் சொல்லவில்லை.
சொன்னால், யார் அது, என்பாள்.

சதுக்கத்தில் சிலை பிரும்மெருஸுக்கு.
கீழிருந்து நாலு விளக்குகள்,
மீசையில் பனி மின்னும்படி.
பீடத்துக்குப் பின்னால்
முழங்கால் உயரத்தில் ஒரு தகரக் கதவு,
நாலு விளக்குக்கும் நாலு இழை.
கால்சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்கிறேன்
அடிக்கடி, காரணமில்லாமல்:
சாவி இருக்கிறது.