நான்கு மில்லிகிராம்

தார்த்துவில் ஆறு உறைந்து ஐந்து வாரம்.
லேலோவின் தலைமுடியில் பிரிடின் நாற்றம்.
பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.

சதுப்பு நிலத்துப் பாசி ஒன்றில்
எவரோ கண்டெடுத்துத்
தாளில் வரைந்துவிட்டுப் போன மூலக்கூறு:
நான்கு வளையம், ஆறு திருப்பம்,
ஓரத்தில் ஓர் ஆக்சிஜன்
சண்டை போட்டுக்கொண்டு தள்ளி நிற்பதுபோல்.
அதைக் கட்ட அவளுக்கு மூன்றரை ஆண்டு.

பின்னாலிருந்துதான் வரைவாள்.
முடிவை முதலில் எழுதி
எந்தப் பிணைப்பை வெட்டினால் எது மிஞ்சும் என்று
பென்சிலால் அறுத்து அறுத்து
கடைசியில் ஒரு புட்டி கார்வோனில் வந்து நிற்பாள்.
கறுப்பு ரொட்டியில் தூவும்
சீமைச் சீரகத்தின் அதே மணம்.

பிறகு முன்னோக்கி.
ஒரு முனை முந்திக்கொண்டு வினைபுரியாதிருக்க
அதற்குக் காப்புக் கட்டி,
சுழியத்துக்குக் கீழே எழுபத்தெட்டு டிகிரியில்
ஆர்கான் மூச்சில், சொட்டுச் சொட்டாய்.
வேலை ஆனதும் காப்பை அவிழ்த்து.
பதினோராம் படியில் குடுவை விரிசல் விட்டது;
கண்ணாடி ஊதும் அர்காதி
திட்டிக்கொண்டே ஒட்டிக் கொடுத்தார்.
பதினாறில் எல்லாம் தாராய்ப் போயிற்று.
'கறுப்புத் தேன்' என்று குறிப்பேட்டில் எழுதினாள்,
தேதி போட்டாள்,
முதல் புட்டியைத் திறந்தாள்.

இன்று பத்தொன்பது.
குடுவையின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் கீற
அந்தக் கீறலிலிருந்து
வெள்ளை கிளைத்தது.
நான்கு மில்லிகிராம்.
ஒரு சிட்டிகை உப்பினும் குறைவு.

நிறமாலையை எடுத்து
பாசியின் கோட்டோடு வைத்துப் பார்த்தோம்.
பொருந்தவில்லை.
மூன்று உச்சிகள் மட்டும் சற்றே விலகி,
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் விருந்தாளிகள்போல்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எக்ஸ்-கதிர் முடிவு வர ஒன்பது நாள்.
வரைந்ததை அச்சுப் பிசகாமல் கட்டியிருந்தாள்.
வரைந்தவர்தான் பிசகியிருந்தார்.

அப்படியானால் இது?
எந்தப் பாசியும் இதைச் சுரந்ததில்லை,
எந்த வேரும், எந்தக் கடற்பஞ்சும்.
பூமிக்கு இத்தனை வயதாகியும்
இந்த அடுக்கில் கரி
ஒருமுறைகூட நின்றதில்லை என்றேன்.
"நமக்குத் தெரிந்தவரை" என்று திருத்தினாள்.

சீட்டில் பெயர் எழுதவில்லை.
பக்க எண் மட்டும்.
குளிர்பெட்டிக் கதவை முழங்கையால் சாத்திவிட்டு
கோட்டைத் தேடினாள்.

பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
என் தலையும் அப்படித்தான் நாறியது.