இன்னும் சாகிற இனம்

ஒரு மைக்ரோலிட்டர்:
ஊசிமுனையில் நிற்கவே யோசிக்கிற துளி.
இரண்டு முறை தோலுரித்த புழுவின் முதுகில்
அதை வைப்பேன். ஒரு கணம் வில்லாகும்.
குழிக்கு ஒரு புழு. இரண்டை விட்டால்
காலையில் ஒன்றுதான் இருக்கும்,
கொஞ்சம் பருத்து.
மூடியை ஒட்டி, நேரம் எழுதி,
கை கழுவிவிட்டுக் காப்பி குடிக்கப் போவேன்.
பதினொரு வருடமாக இது என் வேலை.

பஹியாவின் மேற்கிலிருந்து பெட்டிகள் வரும்,
செம்மண் அப்பிய ஐஸ் பெட்டிகள்.
மக்காச்சோளக் குருத்தைத் தோட்டா என்கிற மொழி எங்களுடையது;
அதற்குள் இருப்பது வெடிப்பதில்லை, தின்கிறது.
பெட்டியின் மேல் சீட்டு:
பண்ணையின் பெயர், தேதி, அடித்த மருந்துகள்.
வால்டெசிர் பெர்துஸியின் சீட்டில்
இந்த முறை பின்பக்கமும் எழுதியிருந்தது.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து
தூரிகை நுனியால் ஒவ்வொன்றையும் புரட்டுவேன்.
நிமிர முடியாததைச் செத்தது என்று எழுதுவோம்.
அவர் வயல் புழுக்கள் நிமிர்ந்தன.
அளவைப் பத்து மடங்காக்கினேன். நிமிர்ந்தன.
நூறு மடங்கில் சில நிமிர்ந்து,
நெற்றியில் கவிழ்த்துப் போட்ட வெள்ளைக் கவட்டையோடு
தீனி தேடின.

"பழகிக்கிச்சா?" என்றார் தொலைபேசியில்.
எல்லோரும் கேட்பது அதுதான்.
பழகவில்லை, செஞ்ஞோர் வால்டெசிர்.
செத்தது யாருக்கும் பாடம் சொல்லித் தருவதில்லை.
உங்கள் முதல் தெளிப்புக்கு முன்பே
லட்சத்தில் ஒன்று இருந்தது,
குடலில் ஒரு நொதி சற்றுக் கூடுதலாகச் சுரந்துகொண்டு.
எந்தப் பாட்டனோ விட்ட எழுத்துப்பிழை.
அன்று அதனால் ஒரு காசுக்குப் பயனில்லை.
நீங்கள்தான் வயலைக் காலி செய்து கொடுத்தீர்கள்.
பங்காளிகளைக் கொன்றீர்கள்,
அதை வேட்டையாடும் குளவியைக் கொன்றீர்கள்,
மிஞ்சியவளுக்கு
ஆயிரத்துச் சொச்சம் முட்டை,
முப்பது நாளில் அடுத்த தலைமுறை.
குளிர் எட்டிப் பார்க்காத நிலத்தில்
சோயாவுக்குப் பின் மக்காச்சோளம், அதற்குப் பின் பருத்தி.
பந்தி எங்கே முடிகிறது?

இதில் பாதியைத்தான் சொன்னேன்.
பிறகு கேட்டேன்: பத்தில் ஒரு பங்கில்
சாதா விதை போட்டு, மருந்தடிக்காமல்
விடச் சொன்னோமே? அங்கே வளரும் ஏமாளிகள்
இந்தக் கெட்டிக்காரர்களைக் கட்டிக்கொள்ளட்டும் என்று?
இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தேன்.
"புழுவுக்கு நான் இலை போட்டுப் பரிமாறணுமா?
ரெஜினால்டோ போடட்டும். அவனுக்கு நிலம் ஜாஸ்தி."
செவ்வாய்க்கிழமை ரெஜினால்டோவும் இதையே சொன்னார்,
பெயரை மட்டும் மாற்றி.

பின்னறையில், இரட்டைக் கதவுக்குள்,
வேறொரு கூட்டம் வாழ்கிறது.
எண்பத்தொன்பதில் ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்தில் பிடித்தது.
அவரை மாவும் கோதுமை முளையும் தின்று
முந்நூறு தலைமுறை,
மருந்தின் வாடையே படாமல்.
அதற்கு ஒரே தகுதி: சாகும்.
ஆகச் சிறிய துளிக்கும் மறுபேச்சில்லாமல் சாகும்.
அதன் சாவை ஒன்று என்று வைத்துத்தான்
வால்டெசிரின் புழுவை நூறு என்று எழுத முடிகிறது.

காலையில் முதலில் அங்கே போவேன்,
வயல் பெட்டியைத் தொட்ட கையோடு ஒருபோதும் இல்லை.
அங்கி வேறு, செருப்பு வேறு.
என் நகத்தில் ஒட்டிய ஒரு முட்டை போதும்
அத்தனை வருடமும் கெட்டுப்போக.
தங்கை கல்யாணத்தில், கேக் வெட்டும் நேரம்
மின்சாரம் போனதாகச் செய்தி வந்தது;
பாதியில் எழுந்து ஓடி வந்தேன்.
ஜாந்திரா இன்னும் பேசும்போது குத்திக்காட்டுகிறாள்.
ஊரெல்லாம் கொல்லப் பார்க்கும் ஒன்றுக்கு
விடிய விடிய விசிறியவள் நான்.

நேற்று மறுபடி அவர் பெட்டி.
சீட்டின் பின்பக்கம் காலி.
ஓரத்தில் பென்சிலில்:
'நாலு வரிசை சாதா விதை போட்டிருக்கேன்.
சல்லடையா இருக்கு. பார்க்கச் சகிக்கலை.'
நாலு வரிசை போதாது. அவருக்கும் தெரியும்.

அந்த வரிசைப் புழுக்களைத் தனித் தட்டில் வைத்து
துளி வைத்தேன், ஒரு மடங்கு.
இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.
தூரிகையை நனைத்து வைத்துவிட்டேன்,
காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.