கட்டைவிரல் அகலம்

வூட்ஜ் நகரத்து நவம்பர்.
விலங்குகளுக்கான இரவு மருத்துவமனை,
அதன் முகப்புப் பக்கம்
ஒன்பதாம் நாளாக வெள்ளை.

பதினேழு நீலங்களைப் பூசி அழித்தேன்.
எழுத்துருவை மாற்றினேன்,
வீட்டுத் திரைச்சீலையையும் மாற்றினேன்,
டிராம் ஏறிக் கடைசி நிறுத்தம் போய்
அதே டிராமில் திரும்பினேன்.
கர்சர் மட்டும்
கடன்காரன் மாதிரி அங்கேயே நின்று
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இரவு இரண்டு மணி. கதவு அதிர்ந்தது.
"போக்னா!"
மூன்றாம் மாடி வாட்ஸ்வாஃப், ஒற்றைச் செருப்போடு.
கோட்டுக்குள் அவர் பூனை ஷ்ரூபா,
அதன் வாயோரம் தொங்கும் சிவப்பு நூல்.
"இழுக்காதீங்க, உள்ளே ஊசி இருந்தால்?"

கைபேசியில் தேடினேன்.
முதல் தளத்தில் ஒரு நாய் சிரித்தது,
நகர்ந்து வழிவிட்டது,
இன்னொரு நாய் சிரித்தது.
அடுத்தது தன் கனவுகளைச் சொல்லத் தொடங்கியது.
மூன்றாவது குக்கீகளுக்குச் சம்மதம் கேட்டது.
எண் எங்கே? எண் எங்கேடா பாவிகளா?

நான்காவது தளம்
இரண்டு வருடம் முன்பு நானே செய்தது.
எண் இருந்தது.
அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பளவில்.
வியர்த்த விரல் மூன்று முறை தவறியது.

ஊசி இல்லை. நூல் மட்டும்தான்.
திரும்பும் டாக்ஸியில் ஷ்ரூபா
எங்கள் இருவரையும் பார்த்துச் சீறிக்கொண்டே வந்தது.

கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
நடுவில் ஒரே ஒரு எண்,
நடுங்கும் கட்டைவிரலின் அகலத்துக்கு.
கீழே ஒரு சொல்: விழித்திருக்கிறோம்.
மீதி வெள்ளையைத் தொடவில்லை.
ஒன்பது நாளாக அது பாட்டுக்குச்
சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பத்து மணிக்கு மருத்துவர் காவ்ரோன்ஸ்கா அழைத்தார்.
"பிடித்திருக்கிறது," என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"நாய் படம் எங்கே?"